கேட்கப்படாத ஒரு கேள்வி: சாலி ரூனியின் நாவலை முன்வைத்து



பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் உரையாற்ற என்னை அழைத்தபோது, அகப்பாடல்கள் குறித்தே நான் பேசுவேன் என்று பொறுப்பாளர்கள் எண்ணியிருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்டதோ அயர்லாந்து நாட்டில் நிகழும் ஒரு காதல் நாவல். 'காதல் நாவல்' என்ற சொல்லைக் கேட்டதும் அவையில் சிலரிடம் ஒரு புன்னகை அரும்புவதைக் காண்கிறேன். பேருந்தில் படித்து, இறங்கும் இடத்தில் மறந்துவிடத்தக்க சரக்கு என்பது அந்தப் புன்னகையின் பொருள். பொருளிலக்கணத்தின் பெரும்பகுதியைக் காதலுக்கே ஒதுக்கிய மொழி நம்முடையது. அதன் வாசகர்களாகிய நாம் காதல் கதைக்கு ஏன் கூச வேண்டும் என்ற வினாவோடு தொடங்குகிறேன்.

நாவலின் பெயர் 'நார்மல் பீப்பிள்'. இயல்பான மனிதர்கள் என்று பெயர்க்கலாம். எழுதியவர் சாலி ரூனி. 1991இல் அயர்லாந்தின் மேற்கே மேயோ மாவட்டத்துக் காசில்பார் என்னும் ஊரில் பிறந்தவர். டப்ளின் டிரினிடி கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றவர். முதல் நாவல் 2017இல் வந்தது. இந்த இரண்டாம் நாவல் 2018இல். அவ்வாண்டு புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. கோஸ்டா நாவல் பரிசையும் பெற்றது. 2020இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்து, நோய்த்தொற்றால் உலகம் வீட்டுக்குள் அடைந்திருந்த அந்நாளில் நாடு கடந்து பார்க்கப்பட்டது. இத்தனை புகழும் ஒரு நூலை நல்ல நூலாக்கிவிடாது என்பதை இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்நூலின் உள்ளே செல்வோம்.

கதை 2011 ஜனவரியில் தொடங்கி 2015 பிப்ரவரியில் முடிகிறது. ஸ்லைகோ மாவட்டத்தில் காரிக்லீ என்ற கற்பனைச் சிற்றூர். மேரியான், கானெல் இருவரும் ஒரே பள்ளியின் இறுதி வகுப்பு மாணவர்கள். மேரியானின் தாய் வழக்கறிஞர், பெரிய வீடு. அந்த வீட்டைத் துடைத்துக் கழுவிச் செல்பவர் லொரெய்ன். அவர் மகன்தான் கானெல். வேலை முடிந்த தாயை அழைத்துச் செல்ல அந்த வீட்டுக்கு வருகிறான், அங்கே மேரியானோடு பேச்சு உண்டாகிறது, அது காதலாகிறது. பணக்காரப் பெண், ஏழைப் பையன். நம் திரைப்படங்கள் ஆயிரம் முறை சொன்ன கதைதானே என்று தோன்றும். ரூனியின் நுட்பம் அடுத்த அடியில் இருக்கிறது. பள்ளியில் கானெல் எல்லோருக்கும் வேண்டியவன், கால்பந்தாட்டக்காரன். மேரியானோ ஒருவரும் பேசாத, கேலிக்கு இலக்கான பெண். ஆகவே, காதலை மறைக்க விரும்புபவன் ஏழையான கானெல். இவளோடு பழகுவது தெரிந்தால் தன் மதிப்பு என்னாகும் என்பது அவன் அச்சம். வெளியே சொல்லாதே என்கிறான். அவளும் இசைகிறாள்.

இவ்விடத்தில் ஒரு தமிழாசிரியை களவொழுக்கத்தை நினைக்காமல் இருக்க முடியாது. களவு, அலர், வரைவு என்ற வரிசை நமக்கு மனப்பாடம். ஆனால் 'இதையெல்லாம் நாம் அன்றே சொல்லிவிட்டோம்' என்று மார்தட்டுவதற்காக அதை நினைவூட்டவில்லை. அப்படிச் சொல்லும் வழக்கம் நம் மேடைகளில் மிகுதி. அது பிற மொழி நூலையும் படிக்கவிடாது, நம் நூலையும் படிக்கவிடாது. நம் கையில் உள்ள ஓர் அளவுகோலை வேறொரு துணியின் மீது வைத்துப் பார்க்கும்போது துணியும் தெரியும், அளவுகோலின் குறைவும் தெரியும். அந்த அளவிலேயே இந்த ஒப்பீட்டைக் கொள்ள வேண்டுகிறேன்.

களவு யாருடைய நலனுக்காகக் காக்கப்படுகிறது? நாவல் எழுப்பும் முதல் வினா இதுவே. கானெலுக்கு மறைவு ஒரு பாதுகாப்பு. மேரியானுக்கு அது நாள்தோறும் பெறும் அவமதிப்பு. இரவில் தன்னிடம் மனம்விட்டுப் பேசுபவன், மறுநாள் பள்ளித் தாழ்வாரத்தில் தன்னை அறியாதவன் போல் கடந்து செல்வதை அவள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பள்ளி இறுதியாண்டினர் இணை இணையாகச் செல்லும் நடன விருந்து ஒன்று அந்நாட்டில் உண்டு. 'டெப்ஸ்' என்று அதற்குப் பெயர். கானெல் அதற்கு வேறொரு பெண்ணை அழைக்கிறான். அதன்பின் மேரியான் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிடுகிறாள்.

அந்த நடன இரவிலேயே கானெலின் நண்பன் ஒருவன் மிக எளிதாக ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறான்: உங்கள் உறவு எங்கள் எல்லோருக்கும் முன்பே தெரியும். தெரிந்தும் யாரும் எதையும் செய்யவில்லை. யாருக்கும் அது ஒரு பொருட்டாகவும் இல்லை. அலர் எழுந்து, அலைந்து, அடங்கியும் விட்டது. அதற்கு அஞ்சியவன் மட்டும் அறியவில்லை. எந்த அச்சத்துக்காக ஒரு பெண்ணின் மானத்தை விலையாகக் கொடுத்தானோ அந்த அச்சம் காற்றில் கட்டிய சுவர். அண்மையில் நான் படித்த புனைகதைகளில் இத்தனை அமைதியாகச் சொல்லப்பட்ட கொடுமை வேறில்லை.

அடுத்து, தோழி. களவில் கூற்று நிகழ்த்த உரியவர் அறுவர் என்பது தொல்காப்பியம். பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, தலைவன், தலைவி. தலைவியால் சொல்ல இயலாததைத் தோழி சொல்வாள், குறிப்பாகவும் சொல்வாள், வெளிப்படையாகவும் சொல்வாள், வரைவு கடாவுவாள். தலைவனின் தாய்க்கு அந்த அறுவருள் இடமில்லை. ரூனியின் நாவலில் தோழி இல்லை. மேரியானுக்காக ஒரே ஒரு முறை வாய்திறப்பவர் தலைவனின் தாய், லொரெய்ன். மகன் நடனத்துக்கு வேறு பெண்ணை அழைத்தான் என்று கேட்டதும், அவன் ஓட்டிவந்த வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, பேருந்தில் போய்க்கொள்கிறேன் என்கிறார். யார் வீட்டுத் தரையைத் துடைத்துப் பிழைக்கிறாரோ அந்த வீட்டுப் பெண்ணுக்காகத் தன் மகனை நினைத்து வெட்கப்படுகிறார். நாவலின் அறம் முழுவதும் அந்த நிறுத்தப்பட்ட வண்டியில் இருக்கிறது என்பது என் துணிபு.

என்னிடம் பயிலும் முதுகலை மாணவியர் சிலரோடு இந்நாவலைப் படித்தோம். பலரும் கானெலைப் பற்றியும் மேரியானைப் பற்றியும் வாதிட்டனர். ஒரு மாணவி மட்டும் கடைசிவரை பேசவில்லை. பின்னர் தனியே வந்து, தன் தாயும் வீட்டுவேலைக்குச் செல்பவர் என்றாள். லொரெய்ன் வரும் பக்கங்களையே திரும்பத் திரும்பப் படித்தேன் என்றாள். 'அந்த அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் பக்கம் கொடுத்திருக்கலாம், அம்மா' என்று அவள் சொன்னது, எனக்குத் தெரிந்த அளவில், இந்நாவலைப் பற்றிய மிகச் சரியான விமரிசனம்.

இனி, இன்றைய தலைப்புக்கு வருகிறேன். இருவரும் டப்ளினில் டிரினிடி கல்லூரியில் சேர்கிறார்கள். 1592இல் நிறுவப்பட்ட பழம்பெருங் கல்லூரி. கானெலை அங்கே ஆங்கில இலக்கியம் படிக்கத் தூண்டியவளே மேரியான்தான். ஊர் மாறியதும் நிலையும் தலைகீழாகிறது. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த அச்சூழலில் மேரியான் எளிதாகப் பொருந்திவிடுகிறாள், கானெல் தனித்துப்போகிறான். மீண்டும் சந்திக்கிறார்கள், மீண்டும் காதல். அவளுக்குத் தங்குவதற்குப் பாட்டியின் வீடு இருக்கிறது, வாடகை கிடையாது. அவனோ நண்பனோடு அறையைப் பகிர்ந்துகொண்டு, உணவகத்தில் மாலைவேலை செய்து படிக்கிறான்.

2012 கோடை. உணவகத்தில் வேலைநேரம் குறைக்கப்படுகிறது. வாடகை கொடுக்க வழியில்லை. பெரும்பாலான இரவுகளில் அவன் இருப்பதே மேரியானின் வீட்டில்தான். கோடை முடியும்வரை இங்கேயே தங்கிக்கொள்ளட்டுமா என்ற ஒரு கேள்வி போதும். அவள் மறுக்கப்போவதில்லை என்பது நமக்குத் தெரியும். அவனால் அதைக் கேட்க இயலவில்லை. ஊருக்குப் போவதைப் பற்றி மட்டும் சொல்கிறான். அவன் தன்னை விட்டுப் போகவே விரும்புகிறான் என்று அவள் கொள்கிறாள். நீ வேறு யாரையேனும் நாடலாம் என்கிறான் அவன். முகம் இறுகி அவளும் ஆம் என்கிறாள். உறவு முறிகிறது. பெற்றோர் எதிர்ப்பு இல்லை; சாதி இல்லை; மதம் இல்லை; கடல் இல்லை. ஓர் அறையின் வாடகையும் கேட்கப்படாத ஒரு கேள்வியும் இருவரைப் பிரித்துவிடுகின்றன.

பேசினால் தீர்ந்துவிடும் சிக்கலை வைத்துக் கதையை நீட்டுவது மலிவான உத்தி என்று சிலர் கூறலாம். நானும் அந்த மறுப்பை எண்ணிப் பார்த்தேன். அவன் ஏன் பேசவில்லை என்பதைத் தொடர்ந்து சென்றால் அது உத்தியன்று என்பது விளங்கும். மேரியானின் வீட்டிலிருந்து தன் தாய்க்கு வரும் கூலியில் வளர்ந்தவன் அவன். இன்னும் ஓர் உதவியை அவளிடமே கேட்பது அவனுக்குக் காதலனின் உரிமையாகத் தோன்றவில்லை; வேலைக்காரியின் மகன் நீட்டும் கையாகத் தோன்றுகிறது. மேரியானுக்கோ பணம் ஒரு பொருளாகவே கண்ணில் பட்டதில்லை. ஆகையால் அவன் திணறலின் காரணத்தை அவளால் ஊகிக்கவும் முடியவில்லை. ஓராண்டுக்குப் பின் இத்தாலியில் ஒரு கோடை இரவில்தான் அந்தக் கூலியைப் பற்றி இருவரும் வாய்விட்டுப் பேசுகிறார்கள்.

இங்கே தொல்காப்பியத்தின் இரு குறிப்புகள் நோக்கத்தக்கன. தலைவன் தலைவியரிடையே அமைய வேண்டிய பத்து ஒப்புமைகளைக் கூறுமிடத்துக் குடிமையும் திருவும் எண்ணப்பட்டுள்ளன. களவியலில், ஒத்த தலைவனும் தலைவியும் காண்பர் என்று கூறிய ஆசிரியர், தலைவன் மிக்கவனாயினும் தடையில்லை என்று ஒரு விலக்கும் அளிக்கிறார். தலைவி மிக்கவளாயின் என்ன செய்வது என்பதற்கு நூற்பா இல்லை. ரூனியின் நாவல் நிகழ்வது அந்த நூற்பா இல்லாத இடத்தில். பெண்ணிடம் பெற்றுக்கொள்ளும் சொல் கானெலுக்குக் கற்பிக்கப்படவே இல்லை. கொடுப்பவனாக இருக்கும் காதலன் எல்லா மொழிகளிலும் வாய்நிறையப் பேசுகிறான். வாங்குபவனாக நிற்க நேர்ந்த காதலனுக்கு வாய் அடைத்துப்போகிறது.

இந்த வாயடைப்பு ஒருவனுடையது மட்டுமன்று. அயர்லாந்து அன்று இருந்த நிலையையும் நினைவிற் கொள்ள வேண்டும். 2008இல் அந்நாட்டின் வங்கிகளும் வீட்டுமனை வணிகமும் சரிந்தன. 2010 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியமும் பன்னாட்டு நிதியமும் சேர்ந்து 8,500 கோடி யூரோ கடன்திட்டம் ஒன்றை அறிவித்தன. கட்டிமுடிக்கப்படாத குடியிருப்புகள் 2,800க்கு மேல் இருப்பதாக அவ்வாண்டுக் கணக்கெடுப்பு காட்டியது. மக்கள் அவற்றைப் பேய்க் குடியிருப்புகள் என்றழைத்தனர். நாவலின் தொடக்கப் பகுதியிலேயே காதலர் இருவரும் அப்படி ஓர் ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்து பார்க்கிறார்கள். விற்க முடியாவிட்டால் இந்த வீடுகளை யாருக்காவது கொடுத்துவிடக் கூடாதா என்ற எண்ணம் அங்கே எழுகிறது. ஒருபுறம் ஆளில்லா வீடுகள். மறுபுறம் அடுத்த ஆண்டிலேயே ஓர் அறைக்கு வாடகையின்றிப் பிரியும் காதலர். இவ்விரண்டையும் ரூனி எங்கும் இணைத்துப் பேசவில்லை. வாசகர் இணைத்துக்கொள்ள வேண்டும்.

பின்னர் இருவரும் கல்லூரியின் போட்டித் தேர்வில் வென்று உதவிநிதி பெறுகிறார்கள். கட்டணமில்லை, தங்குமிடம் உண்டு, மாலை உணவு உண்டு. அது மேரியானுக்குத் தன் அறிவுக்குக் கிடைத்த சான்றிதழ். கானெலுக்கோ வாழ்க்கையே மாறிவிடுகிறது. ஒரே பரிசு இரண்டு வீடுகளில் இரண்டு பொருளாவதை ஒரு பத்தியில் காட்டிவிடுகிறார். ரூனியும் அந்த உதவிநிதியைப் பெற்றவரே.

வடிவம் பற்றிச் சில சொற்கள். இயல்களுக்குப் பெயர் இல்லை. மூன்று வாரம் கழித்து, ஆறு மாதம் கழித்து என்று கால இடைவெளியே தலைப்பு. ஓரிடத்தில் ஐந்து நிமிடமே இடைவெளி. விடுபட்ட மாதங்களில் என்ன நேர்ந்தது என்பதை மெல்ல மெல்ல நினைவுகூர்தலின் வழியே அறிகிறோம். உரையாடல்களுக்கு மேற்கோள் குறிகளும் இல்லை. வாயால் சொன்னதும் மனத்தில் நின்றுவிட்டதும் ஒரே வரியில், ஒரே எழுத்தில் ஓடுகின்றன. சொல்லப்பட்டது எது, சொல்லாமல் விழுங்கப்பட்டது எது என்று நாம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. இதைப் புதுமை மோகம் என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை. கேட்கப்படாத கேள்வியைப் பற்றிய கதைக்கு இந்த வடிவம் பொருந்துகிறது.

குறைகளும் உண்டு. மேரியானின் வீடு வன்முறை நிறைந்தது. இறந்துபோன தந்தை அடித்தவர். அண்ணன் ஆலன் இன்றும் அவளைத் துன்புறுத்துகிறான். தாய் கண்டும் காணாதவர். அன்புக்குத் தான் தகுதியற்றவள் என்று நம்பும் மேரியான், தன்னைத் துன்புறுத்துபவரையே நாடிச் செல்கிறாள். அடிபட்ட குழந்தை அடியையே நாடும் என்ற இந்தக் கணக்கு மிக எளிதாகப் போடப்பட்டதாக எனக்குப் படுகிறது. இறுதியில் அண்ணனிடமிருந்து அவளை மீட்கக் கானெல் வந்து நிற்பதும் பழைய கதைகளின் எச்சமே. ஆயினும், நண்பன் ஒருவன் தற்கொலை செய்துகொண்டபின் கானெல் நோயுற்று, கல்லூரியின் உளநல ஆலோசகர் முன் அமர்ந்து அழும் பகுதியைப் படித்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். அந்நாட்களில் சுவீடனில் படித்துக்கொண்டிருந்த மேரியான், கணினித் திரையின் வழியே அவன் உறங்கும்வரை உடனிருக்கிறாள். பேச வேண்டியதில்லை, இணைப்பைத் துண்டிக்காமல் இருந்தால் போதும்.

கவிஞர்கள் நிறைந்த இந்த அவை கேட்டுக்கொள்ள வேண்டிய இரண்டு இடங்களைச் சொல்லி முடிக்கிறேன். முதலாவது, கானெல் நூலகத்தில் ஜேன் ஆஸ்டினின் 'எம்மா'வைப் படித்துக்கொண்டிருக்கிறான். 1815இல் வெளிவந்த நாவல். நாயகன் வேறொரு பெண்ணை மணந்துவிடுவானோ என்ற கட்டத்தில் நூலகத்தை மூடிவிடுகிறார்கள். அந்தத் தவிப்போடு வெளியே வருகிறான். கற்பனை மனிதர்களின் திருமணத்துக்காகத் தவிப்பது அறிவுடைமையா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான், ஆனாலும் தவிக்கிறான். தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட புன்னகைக்கு நாவலே தரும் விடை இது. இரண்டாவது, பின்னொரு நாள் அவன் ஓர் இலக்கியக் கூட்டத்துக்குச் செல்கிறான். எழுத்தாளர் வாசிக்கிறார்; அவை கைதட்டுகிறது. இப்படிப்பட்ட கூட்டங்கள், படித்தவர்கள் தங்களைப் படிக்காதவர்களைவிட மேலானவர்கள் என்று உணர்ந்துகொள்ளும் சடங்கோ என்று அவனுக்குத் தோன்றிவிடுகிறது. வீட்டுவேலை செய்பவரின் மகன் ஓர் இலக்கிய வட்டத்தைப் பார்த்து நினைப்பது இது. பத்தாம் ஆண்டு விழாவில் இதைச் சொல்வது மங்கலமாகாது என்று யாரேனும் கருதினால் பொறுத்தருள்க. பத்தாண்டு நிறைந்த ஒரு வட்டம் இந்த வினாவைத் தாங்கும் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன். நம் கூட்டத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து, ஒரு சொல்லும் பேசாமல் எழுந்துபோகும் இளைஞர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்கள் கேளாமற் போன கேள்வி என்ன?

நம் காதல் கவிதைகளில் நிலவு உண்டு, மழை உண்டு, வாடகை இல்லை. காதலன் தரும் பூ உண்டு. காதலியிடம் அவன் கேட்க முடியாத கடன் இல்லை. யாருடைய வீட்டை யாருடைய தாய் துடைக்கிறாள் என்ற செய்தி நம் காதல் கவிதைக்குள் வந்ததுண்டா என்று நம் கவிஞர்கள் தத்தம் தொகுப்புகளைப் புரட்டிப் பார்க்க வேண்டுகிறேன்.

இறுதியாக, சேர்ந்தார்களா என்று கேட்பீர்கள். 2015 பிப்ரவரியில் கானெலுக்கு நியூயார்க்கில் எழுத்துக்கலை பயில இடம் கிடைக்கிறது. ஓதற்பிரிவு என்று நாம் பெயரிடலாம். ஓதலுக்கு மூன்றாண்டு எல்லை வகுத்தது நம் இலக்கணம். தலைவன் மீள்வான் என்பது அதன் உறுதி. மேரியான் அந்த உறுதியைக் கேட்கவில்லை. போய் வா என்கிறாள். அவன் திரும்பாமலும் போகலாம் என்று அறிந்தே சொல்கிறாள். இம்முறை இருவரும் எதையும் மறைக்கவில்லை. அவன் போனானா, மீண்டானா என்பதை ரூனி எழுதவில்லை. வாய்திறந்து பேசியபின் நேரும் பிரிவு, வாயடைத்து நேர்ந்த பிரிவைப் போன்றதன்று. அதை உணர நான்காண்டுகள் அவர்களுக்குத் தேவைப்பட்டன. நம் வட்டத்து இளைஞர்களுக்கு அத்தனை காலம் ஆகாதிருக்க நாம் படிக்கும் நூல்கள் உதவுமெனில், காதல் நாவலும் கற்கத்தக்க நூலே.